எடுத்த ரத்தமும் ஊறிய ரத்தமும்

"பாய்க்கு நல்ல ரத்தம், முகத்திலேயே தெரியுது" என்று பெரியகடை வீதியில் என்னைப் பார்ப்பவர்கள் சொல்வார்கள். பல வருடம் அதைக் கேட்டு நானும் உள்ளூர மகிழ்ந்திருக்கிறேன். இப்போது யாராவது தன் முகம் சிவந்திருப்பதைப் பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம் வருகிறது. வாயைத் திறந்து எச்சரிக்கக் கூச்சம். எட்டாவது வரை படித்தவன். நாலு பேர் நடுவில் பேசுவதைவிடத் தனியாக உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம். என்னைப் போல் முகம் சிவந்தவர்களும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் இதைப் படித்தால் போதும்.

எனக்கும் என் மனைவி மர்யமின் அண்ணன் காதர் மச்சானுக்கும் சேர்ந்து ஒரு தகரப் பெட்டிக் கடை. கல்யாணப் பெண்கள் புருஷன் வீட்டுக்குத் துணிமணி கொண்டுபோகிற டிரங்குப் பெட்டிதான் முக்கிய வியாபாரம். வாசலில் உட்கார்ந்து பேசுவது மச்சான். பின்கட்டில் உட்கார்ந்து பெட்டிக்குப் பெயின்ட் அடித்து மூடியில் பூவும் கிளியும் வரைவது நான். யுத்தம் வந்து புதுத் தகரம் கிடைக்காமல் போன பிறகு, பழைய பெட்டிகளை வாங்கி ஒட்டுப்போட்டு, அதன் மேல் பூ வரைந்து விற்றோம்.

அந்த வருடம் எனக்கு உடம்பில் சில தொந்தரவுகள் தொடங்கின. குளித்து முடித்தால் உடம்பு முழுவதும் அரிக்கும். சோப்பை மாற்றினேன். சோப்பில்லாமல் குளித்துப் பார்த்தேன். எங்கள் சந்துக் கிணற்றில் யாரோ எதையோ கொட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு அடுத்த சந்திலிருந்து தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன். அந்தத் தண்ணீரும் அரித்தது. கால் விரல்கள் தணலை மிதித்ததுபோல் சிவந்து எரியும். ஈரத் தரையில் வைத்தால் கொஞ்சம் அடங்கும். தலை எப்போதும் கனத்திருக்கும். கண் சிவந்தே இருந்ததால் நான் ரகசியமாகக் கள் குடிக்கிறேன் என்று மச்சானுக்கு ஒரு சந்தேகம். ஏதோ கணக்குக் கேட்கிற சாக்கில் என் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்து பார்த்தார். எதற்கென்று எனக்குப் புரிந்தது.

இவை எல்லாமே ஒரே நோயின் அடையாளங்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலை கடையில் ஒரு மூடிக்குச் சிவப்புப் பூ போட்டுக்கொண்டிருந்தேன். பிரஷ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தால் வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. மச்சானைக் கூப்பிட வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வாசலில் அவர் வையம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் விலை பேசிக்கொண்டிருந்தார். "பூ போட்டாச்சா மாப்ளே?" என்று திரும்பாமலே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் இருப்பது வழக்கம்தானே. "போட்டாச்சும்மா, காயணும், அவ்வளவுதான்" என்று எனக்கும் சேர்த்து அவரே சொல்லிக்கொண்டார். அந்த அம்மா போனார். வேறு இருவர் வந்து போனார்கள். மச்சான் இரண்டு மூன்று தரம் என்னைக் கேட்டு, இரண்டு மூன்று தரம் அவரே பதில் சொன்னார். டீ வந்து, நான் குடித்தது கடைவாய் வழியாகச் சட்டையில் வழிந்தபோதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். ஊமையாகி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று டாக்டர் கேட்டபோது யாராலும் சொல்ல முடியவில்லை.

ஜட்கா வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எங்கள் வார்டைப் பார்த்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், நெற்றியில் மெல்லிய நாமம். ஐயங்கார் டாக்டர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கையைத் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு வயிற்றின் இடப்பக்கம் விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தி, அங்கேயே வெகு நேரம் நின்றார். கால் விரல்களைப் பார்த்தார். "குளிச்சா அரிக்கறதோ?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. வாதம் வந்து கிடப்பவனிடம் குளியலைப் பற்றி இவர் ஏன் கேட்கிறார்? இவருக்கு யார் சொன்னது?

விரல் நுனியில் குத்தி, ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை உறிஞ்சி, வேறொரு குழாயில் ஏதோ திராவகத்தோடு கலந்தார். ரத்தம் கருப்பட்டிப் பாகு நிறமானது. பக்கத்தில் அளவுக்கென்று வைத்திருந்த நிறக் கண்ணாடியோடு ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். எவ்வளவு தண்ணீர் விட வேண்டியிருக்கிறதோ அவ்வளவு கெட்டி ரத்தம் என்று கணக்கு. எனக்குக் குழாய் நிரம்பியும் நிறம் இறங்கவில்லை. இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நம்மைப் பார்த்துக்கொண்டே நமக்குப் புரியாத பாஷையில் பேசுகிறவர்களை நம்புவது கஷ்டம்.

மறுநாள் மர்யமையும் மச்சானையும் கட்டில் பக்கத்தில் நிறுத்தி விளக்கினார். வாதம் இரண்டு விதமாம். மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்து வருவது ஒன்று, குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது ஒன்று. எனக்கு வந்தது அடைப்பு.

"ரத்தம் உறையிறது நல்லதுதானேங்க? உறையாட்டி வெட்டுப்பட்டா நிக்காதே" என்றார் மச்சான்.

"காயத்துல உறையணும். குழாய்க்குள்ள உறையப்படாது. இவர் ரத்தத்துல சிவப்பு அணு இருக்க வேண்டியதைவிட ரொம்ப ஜாஸ்தி. வாய்க்கால்ல தண்ணி வந்தா ஓடும். சேறா வந்தா மதகுல நின்னுடும். இவருக்கு ஓடறது சேறு."

மர்யம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பேச்சு வருங்களா?"

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒரே மகள் ஜொஹராவுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. நோன்பு வருவதற்கு முன் வைப்பதாகப் பேச்சு. நிக்காஹ் சபையில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையைப் பார்த்து, என் மகளை உமக்கு மணம் முடித்துத் தந்தேன் என்று சொல்ல வேண்டும். தகப்பனால் முடியாவிட்டால் அவன் சார்பில் வேறொருவர் சொல்லலாம். என் வாழ்நாள் முழுவதும் எனக்காக மச்சான்தான் பேசியிருக்கிறார். என் கல்யாணத்துக்குப் பெண் கேட்டபோதுகூட நான் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நானே சொல்ல வேண்டும் என்று மர்யமிடம் சொல்லி வைத்திருந்தேன். வேறு யாருக்கும் அது தெரியாது.

"வரும். மெதுவா வரும். ஆனா இன்னொரு தரம் அடைச்சா நான் எதுவும் சொல்றதுக்கில்லை. அதனால ரத்தத்தை எடுத்துக் குறைச்சுண்டே வரணும்" என்றார் டாக்டர்.

"எடுத்துன்னா?"

"ஊசியால வாங்கி வெளியில விட்டுடறது."

மச்சான் முகம் மாறியது. அன்று ஆரம்பித்தது சந்தேகம்.

தடித்த ஊசியும் ரப்பர்க் குழாயும் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தார்கள். ரத்தம் நாவல்பழச் சாறுபோல் கறுத்து இறங்கியது. பாதியில் ஊசிக்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொண்டு, வேறு ஊசி போட வேண்டியிருந்தது. என் மூளைக்குள் நடந்தது அதுதான் என்று டாக்டர் அந்த ஊசியைத் தூக்கிக் காட்டினார். நான் ஊசியைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தேன். கம்பவுண்டர் அதன் மேல் துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு வேகமாகப் போனார். எதற்காக மூட வேண்டும்?

பக்கத்துக் கட்டிலில் நல்லுசாமி என்று ஜீயபுரத்து விவசாயி. ஆற்றோரத்தில் வாழைத் தோட்டம் உள்ளவர். அவருக்கும் அடைப்பு வாதம்தான், அவருக்கும் வலது பக்கம்தான். பேச்சு குழறலாக இருந்தது. ஆனால் அவருக்கு ரத்தம் எடுக்கவே இல்லை. மச்சான் என் காதருகே குனிந்து, "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. உங்களுக்கு மட்டும் ஏன் எடுக்குறாங்க? யோசிச்சீங்களா மாப்ளே?" என்றார். பிறகு அவரே பதிலும் சொன்னார். பட்டாளத்துக்காரர்களுக்கு ஏற்றுவதற்கு ஊர் ஊராக ரத்தம் சேர்க்கிறார்கள் என்று ஜங்ஷனில் பேசிக்கொள்கிறார்களாம். "உங்க ரத்தம் கெட்டின்னு அவரே சொல்லிட்டாரு. கெட்டிப் பாலுக்குத்தானே கிராக்கி. ஒரு பாட்டில்ல ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்தலாம்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பேச முடியாதவனிடம் ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டால் அது உள்ளேயே கிடந்து வளரும். கேட்டுத் தீர்த்துக்கொள்ள வழியில்லை.

வேடிக்கை என்னவென்றால் நல்லுசாமிக்கு எதிர்ச் சந்தேகம். தனக்கு மட்டும் ஊசி போடாமல் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தார். டாக்டர் வந்ததும், "எனக்கும் கொஞ்சம் எடுத்து விடுங்க சாமி, அவருக்கு மட்டும் விசேஷமா செய்றீங்களே" என்று குழறிக் குழறிக் கேட்டார்.

டாக்டர் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று பதில் சொன்னார். "உமக்கு ஒரு தரம் உறைஞ்சுது, அதோட சரி. உம்ம ரத்தம் சாதாரண ரத்தம். இவருக்கு உறையற குணம் ரத்தத்துக்குள்ளேயே இருக்கு. அடைச்ச இடம் ஒண்ணுதான் ஓய். ஆனா பின்னால நடக்கப்போறது ஒண்ணில்லை."

அப்படியே நடந்தது. நல்லுசாமி சீக்கிரமே காலை இழுத்து இழுத்து நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "உங்களைத்தான் டாக்டர் நல்லாப் பார்க்குறாரு" என்று குறையோடு சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் சொன்னதில் மர்யம் மனதில் வாங்கிக்கொண்டது இரண்டு விஷயம்தான். ரத்தம் எடுக்கிறார்கள். மண்ணீரல் வீங்கியிருக்கிறது. ஆட்டின் மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். பிள்ளை பெற்றவளுக்கும் சோகை பிடித்துக் கிடக்கிறவளுக்கும் அதைத் தணலில் சுட்டு, மிளகும் உப்பும் தூவிக் கொடுப்பார்கள். அதைப்போல் ரத்தம் ஊறவைப்பது வேறொன்றும் இல்லை. மண்ணீரலுக்குக் கெடுதல் என்றால் மண்ணீரல்தான் மருந்து என்று அவளுக்கு அதில் இன்னொரு நியாயமும் கிடைத்தது. கறிக்கடையில் சொல்லி வைத்துத் தினமும் வாங்கி, டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். இடது கையால் எனக்கு எடுத்துச் சாப்பிட வராது. அவளே சிறிது சிறிதாகப் பிய்த்து ஊட்டினாள்.

டாக்டர் வரும் சத்தம் கேட்டால் கேரியரை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவாள். ஏமாற்றுவதற்கு அல்ல. நாமம் போட்ட மனிதர் முன்னால் கறியைத் திறந்து வைப்பது மரியாதையில்லை என்றுதான். டாக்டரும் எங்கள் கட்டிலருகே சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டால் ஓரடி தள்ளி நின்று, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆகாரம் என்ன?" என்பார். "கஞ்சிதாங்க" என்பாள் மர்யம். "பேஷ்" என்பார். கஞ்சிக்கு அப்படி வாசனை வராது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அதற்கு மேல் கேட்டதில்லை.

முதலில் எனக்குத் திரும்பி வந்த வார்த்தை "உப்பு". கஞ்சியில் உப்பில்லை. மர்யம் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். உப்பு மட்டும் கொண்டுவரவில்லை.

தடியை ஊன்றி நடக்க வந்த பிறகு நான் செய்த முதல் காரியம், ரத்தம் எடுத்த ஒருநாள், கம்பவுண்டருக்குப் பின்னால் போனது. அவர் கட்டடத்துக்குப் பின்புறம் போய், ஒரு குழியில் பாட்டிலைக் கவிழ்த்து, மேலே சுண்ணாம்பைப் போட்டார். பட்டாளமும் இல்லை, விற்பனையும் இல்லை. எனக்கு நிம்மதி வரவில்லை, அவமானமாக இருந்தது. அந்த ரத்தம் யாருக்கும் உதவாத ரத்தம் என்று புரிந்தது. மச்சானிடம் கையைக் கவிழ்த்துக் காட்டி, "கொட்டு... றான்" என்றேன். மச்சான் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க பின்னால வர்றது தெரிஞ்சு கொட்டியிருப்பான்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ரத்தம் எடுப்பது நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நிற்க வேண்டாம், காலையில் ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னார் டாக்டர். பெட்ரோல் கிடைக்காத காலம். கரி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு காவிரிப் பாலத்தை ஊர்ந்து கடக்கும். சித்திரை வீதியில் அவர் வீட்டு முன்னறையில் பெஞ்சில் உட்காருவோம். அவர் பீஸ் வாங்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. காசு வாங்காதவர் இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

அவருக்கும் என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுக்கிறார். அடுத்த தடவை பரிசோதித்தால் பழையபடி ஏறியிருக்கிறது. குழாயை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நிறக் கண்ணாடி கெட்டுவிட்டதோ என்று ஆஸ்பத்திரியிலிருந்து வேறு கொண்டுவந்து பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"வேற யார்கிட்டயாவது ரத்தம் ஊறறதுக்கு லிவர் ஊசி போட்டுக்கறேளா? மறைக்காம சொல்லுங்கோ."

"அல்லா மேல சத்தியமா எந்த ஊசியும் இல்லைங்க" என்றாள் மர்யம். அது உண்மை.

"டானிக்?"

"இல்லைங்க." அதுவும் உண்மை. டாக்டர் அவளை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது மர்யம் சொன்னாள்: "எடுத்ததெல்லாம் போதாதுன்னு, ஏன் ரத்தம் ஊறுதுன்னு வேற கேக்குறாரு பாருங்க."

இதற்குள் எனக்குப் பேச்சு ஓரளவு வந்திருந்தது. தினமும் காலைத் தொழுகை முடிந்து அதே பாயில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பேன். முதலில் இரண்டு வார்த்தை, பிறகு நாலு வார்த்தை. முழுதாகவும் சில தடவை சொல்லிவிட்டேன். நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், "என் மகள் ஜொஹராவை" என்றேன். அடுத்த வார்த்தைக்கு நாக்கு நகரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், பாயிலேயே சாய்ந்தேன். அடுப்படியில் மர்யம் சுவரொட்டியைத் தணலில் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மறுபடி அதே வார்டு. டாக்டர் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன். குழாயை மேஜை மேல் வைத்துவிட்டு, "நான் எடுக்கறேன், யாரோ இவருக்கு ஏத்தறா. யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார்.

மர்யம் முக்காட்டுக்குள்ளிருந்து, "நான்தாங்க" என்றாள். குரலில் பயம் இல்லை. "நீங்க எடுக்க எடுக்க நான் ஊற வெச்சுக்கிட்டேதான் இருக்கேன். இல்லாட்டி இவரு இத்தனை நாளு உசுரோட இருப்பாரா?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"எதால?"

அவள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் டாக்டர் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எதற்கும் பேச்சு இருக்கிற மனிதர் அன்று திணறினார். "ஆட்டுச் சுவரொட்டிங்க, சாமி. மன்னிச்சுக்குங்க."

"அப்படின்னா?"

டாக்டருக்குத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. மச்சான் சொல்லக் கூசி, தன் இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். முதல் நாள் டாக்டர் என் வயிற்றில் அழுத்தி நின்ற அதே இடம். டாக்டர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமுமா?"

"வெள்ளிக்கிழமை மட்டும் ரெண்டுங்க" என்றாள் மர்யம்.

டாக்டர் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு வாசனை தெரிஞ்சுது. நான்தான் கேக்கலை. கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு இருந்துட்டேன்."

"சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதாங்க நானும்..." என்றாள் மர்யம்.

அந்த இரண்டு சங்கடங்களுக்கும் நடுவில் நான் பேச்சில்லாமல் படுத்திருந்தேன். இத்தனை நாள் யார் யாரையோ சந்தேகப்பட்டேனே, என் தட்டை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் விளக்கினார். உடம்பு ரத்தம் செய்வதற்கு இரும்புச் சத்து வேண்டும். சுவரொட்டியில் அது நிறைய இருக்கிறது. சோகைக்காரிக்கு அமுதமாக இருப்பது எனக்கு எதிரி. பிறகு நாற்காலி போடச் சொல்லி மர்யமுக்கு எதிரில் உட்கார்ந்தார். "இனிமே எனக்குச் சங்கடம் கிடையாது. ஒண்ணொண்ணா கேக்கப்போறேன், எல்லாத்தையும் சொல்லணும். ஈரல்?"

"கொடுப்பேங்க."

"கூடாது. அப்புறம்... எலும்புக்குள்ள என்னமோ இருக்குமாமே."

"நல்லி எலும்புங்க" என்று மச்சான் எடுத்துக்கொடுத்தார்.

"நல்லி எலும்பு கூடாது" என்று டாக்டர் பாடம் படிக்கிற பையனைப்போல் திருப்பிச் சொன்னார். "ரத்தத்தையே பொரிப்பாளாமே, அது?"

"அய்யோ, அது எங்களுக்கு ஹராமுங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு." ஒரு ஐயங்கார் ஆட்டை இப்படி அங்கம் அங்கமாக விசாரிப்பதைக் கேட்டு, நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மச்சானுக்குத் தைரியம் வந்து, அவர் கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தார்.

அதன் பிறகு சந்தேகம் முழுவதும் மர்யமிடம் போய்ச் சேர்ந்தது. சிவப்பாக இருக்கிற எதையும் நம்ப மாட்டாள். பீட்ரூட் போயிற்று, தக்காளி போயிற்று, டாக்டரே சாப்பிடலாம் என்று சொன்ன தர்ப்பூசணியையும் வீட்டுக்குள் விடவில்லை. "அவருக்கு என்ன தெரியும், சுவரொட்டியே தெரியலை" என்றாள். யார் வீட்டிலிருந்தாவது எனக்குப் பலகாரம் வந்தால் அதைப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தருவாள்.

ரத்தம் எடுக்க எடுக்க இம்முறை குழாயில் நிறம் இறங்கியது. தலைக் கனம் போயிற்று. குளித்தால் அரிப்பது குறைந்தது. கையும் கொஞ்சம் வசப்பட்டது. பேச்சு மட்டும் முதல் தடவையைவிட மெதுவாகத்தான் வந்தது. சில நாள் நாலு வார்த்தை வரும். சில நாள் ஒன்றும் வராது. நிக்காஹைத் தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டார் விரும்பவில்லை. என் சார்பில் மச்சான் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். மச்சான் சரி என்று தலையாட்டினார். அவர் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறாரோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போகத் தொடங்கியதும் அவர் என்னைப் பின்கட்டில் உட்கார விடவில்லை. வாசலில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். யாராவது வந்து விலை கேட்டால் தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் வார்த்தையைத் தேடித் தவித்தாலும் திரும்ப மாட்டார். காத்திருந்து அலுத்து ஆள் எழுந்து போனாலும் பேச மாட்டார். வியாபாரத்தைக் கெடுத்துப் பழியை என் மேல் போடப் பார்க்கிறார் என்று சில நாள் நினைத்தேன். பிறகுதான் அவருடைய கையைக் கவனித்தேன். பேச்சை அடக்கிக்கொள்ள முடியாமல் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மர்யம் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

நிக்காஹ் எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து டாக்டரும் வந்திருந்தார். இமாம் ஓதி முடித்து, பெண்ணின் தகப்பன் சார்பில் சொல்கிறவர் யார் என்று கேட்டார். மச்சானைப் பார்த்துத்தான் கேட்டார். மச்சான் கூரையைப் பார்த்தார்.

நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன். "என் மகள்" என்றேன். அடுத்தது அவள் பெயர். அது வரவில்லை. சபை முழுவதும் என் வாயைப் பார்ப்பது தெரிந்தது.  பக்கத்திலிருந்த மச்சான் பாயின் விளிம்பை இறுகப் பிடித்தார். ஆனால் அவர் உதடு அசையவில்லை. யாரோ எழுந்து உதவ வந்தார். டாக்டர் கையை நீட்டி அவரை உட்காரவைத்தார். "ஜொஹராவை" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, மாப்பிள்ளை தரும் மஹர் பணத்தைச் சொல்லி, உமக்கு மணம் முடித்துத் தந்தேன் என்பதுவரை வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளை கபூல், ஏற்றுக்கொண்டேன் என்றார். எனக்கு வேர்த்து ஊற்றியிருந்தது.

பிறகு சாப்பாடு. டாக்டருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தோம். பந்தி நடக்கிற பக்கம் அவர் வர வேண்டாமே என்று மச்சான் திண்டாட, அவர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே நேராக நெய்ச்சோற்றுத் தட்டுகளுக்கு நடுவில் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். என் தட்டில் தாளிச்சாக் குழம்பில் வெந்த ஏதோ ஒன்று கறுப்பாகக் கிடந்தது.

"அது என்ன?"

"கத்... தரிக்காய்ங்க, டாக்டர்" என்றேன்.

அவர் நம்பவில்லை. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நன்றாகக் குனிந்து பார்த்தார்.